‘மற்றவை’ பெட்டி

யம்னாவைப் பற்றி எங்கள் அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் முதலில் ஒரு சிரிப்புதான் வரும். பாலைக் காய்ச்சும் முன் மூன்று தடவை முகர்ந்து பார்ப்பாள். லிஃப்ட் கதவு திறந்தால் கால் வைக்குமுன் உள்ளே தரை இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பாள். யாராவது மேசையில் பார்சல் வைத்துவிட்டுப் போனால், அனுப்பியது யார் என்று தெரியும்வரை அதன் பக்கத்தில் தன் தேநீர்க் கிளாஸைக்கூட வைக்க மாட்டாள். ‘பயந்தாங்கொள்ளி’ என்று அவளுக்குப் பெயர் வைத்திருந்தோம். வைத்தவன் நான்தான். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஹம்மாதி. மராகேஷ் நகரத்தில் ஒரு பழைய கட்டடத்தின் நான்காவது மாடியில் எங்கள் கம்பெனி. யம்னா புரோகிராம் எழுதுவாள்; நான் அதைச் சோதித்துப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பேன். குறை சொல்வது என் தொழில், வீட்டிலும் அதை விடுவதில்லை என்று என் மனைவி புலம்புவாள். பதினோரு வருடமாக யம்னாவும் நானும் எதிரெதிர் மேசை. அவள் கணவனைப் பற்றி எனக்குத் தெரிந்ததைவிட அவள் எழுதும் புரோகிராமைப் பற்றி அதிகம் தெரியும்.

அட்லஸ் மலையடிவாரத்தில் ஒரு காட்டாறு இருக்கிறது. வருடத்தில் பத்து மாதம் அது வெறும் கூழாங்கல். ஊர்க்காரர்கள் அந்தக் கல் படுகையில்தான் வியாழக்கிழமைச் சந்தை போடுவார்கள். அவ்வளவு சமமான இடம் அந்தப் பக்கம் வேறு கிடையாது. யம்னா அந்த ஊர்க்காரி. அவள் தகப்பனார் அந்தச் சந்தையில் மாவு வளையங்களை எண்ணெயில் பொரித்து விற்றவர். அவருக்குப் பிறகு அவள் தம்பி மோஹா அதே அடுப்பில் பொரிக்கிறான். புகை மற்ற கடைகளுக்குப் போகக் கூடாது என்று அவன் கடை எல்லாவற்றிலும் தாழ்வான இடத்தில், படுகையின் நட்டநடுவில்.

மலைமேல் மழை பெய்தால் சந்தை மேல் வானம் வெளுத்துத்தான் கிடக்கும். ஆனால் இரண்டு மணி நேரத்துக்குள் தண்ணீர் வந்து நிற்கும். யம்னாவுக்கு ஏழு வயதில் ஒரு வியாழக்கிழமை அப்படி வந்தது. அவள் தகப்பனார் அவளைத் தூக்கி ஒரு லாரியின் கூரைமேல் எறிந்தார். அதற்குமேல் அந்த நாளைப் பற்றி அவள் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

மாகாணத்துக்காரர்கள் வெள்ளத்தைக் கண்காணிக்க ஒரு புரோகிராம் வேண்டும் என்று எங்களிடம் வந்தபோது, ‘இதை நான் எழுதுகிறேன்’ என்று கையைத் தூக்கியவள் அவள். ஆற்றில் ஐந்து இடங்களில் கருவிகள். ஒவ்வொன்றும் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை தண்ணீரின் உயரத்தை எழுதி ஒரு கோப்பாக எங்களுக்கு அனுப்பும். புரோகிராம் அதைப் படித்துத் திரையில் ஒரு கோடு வரையும். கோடு நூற்றைம்பது சென்டிமீட்டரைத் தாண்டினால் திரை சிவப்பாகும். சந்தை ஊரில் இருக்கும் வட்டார அலுவலகத்தில் ஒலிபெருக்கி போடுவார்கள், சந்தை காலியாகும். ரொம்ப எளிமையான ஏற்பாடு.

கோப்பின் பெயரில் கடைசியாக ஒரு புள்ளி, பிறகு மூன்றெழுத்து இருக்கும். இது படமா, பாட்டா, கணக்கா என்பதை அதை வைத்துத்தான் எல்லோரும் சொல்வார்கள். யம்னா மட்டும் அதை நம்ப மாட்டாள். “சட்டையில என்ன பேர் தைச்சிருக்குன்னு பாத்தா ஆளை வீட்டுக்குள்ள விடுவே?” என்பாள். ஒவ்வொரு வகைக் கோப்புக்கும் உள்ளே ஆரம்பத்திலேயே ஒரு முத்திரை இருக்கும். அவள் அதைத்தான் பார்ப்பாள். முத்திரை தெரிந்ததாக இருந்தால் உள்ளே விடுவாள். தெரியாததாக இருந்தால் தனியாக நிறுத்திவைத்து, ‘இது என்னவென்று எனக்குத் தெரியவில்லை, யாராவது வந்து பாருங்கள்’ என்று மணியடிக்கும்படி எழுதியிருந்தாள்.

முதல் குளிர்காலத்திலேயே அந்த மணி எங்கள் உயிரை வாங்கியது. கருவிகளுக்குக் காவல் இருப்பவர்கள் நல்ல மனிதர்கள். ஒரு விலாசம் கொடுத்தால் எல்லாவற்றையும் அதற்கே அனுப்புவார்கள். பெருநாள் வாழ்த்து வந்தது. கன்று போட்ட பசுவின் படம் வந்தது. ஒருவர் தன் மகளின் நிச்சயதார்த்தப் பாட்டை முழுசாக அனுப்பிவைத்தார். ஒவ்வொன்றுக்கும் வட்டார அலுவலகத்தில் மணி அடித்தது. எங்கள் முதலாளி ஸி ஜவாத் ஒரு நாள் காலை வந்து யம்னாவின் மேசைமேல் கையூன்றி நின்றார். ‘ஸி’ என்பது எங்கள் பக்கத்தில் ஆண்களுக்கு மரியாதைச் சொல், பெண்களுக்கு ‘லல்லா’.

“யம்னா, நமக்குத் தெரியலைன்னு நாமளே ஊருக்கெல்லாம் மணியடிச்சுச் சொல்லணுமாம்மா?”

“தெரியலைன்னா தெரியலைன்னுதான ஸி ஜவாத் சொல்லணும்?”

“பசுமாட்டைப் பாத்து வெள்ளம்னு பயப்படுற ஒரே ஆள் நீதான். மணியை எடு. பேர்ல கடைசி மூணெழுத்து சரியா இருந்தா உள்ள விடு. இல்லாததைச் சத்தமில்லாம ஒரு பெட்டியில போடு. அவ்வளவுதான்.”

அவள் என்னைப் பார்த்தாள். சோதிப்பவன் ‘வேண்டாம்’ என்றால் முதலாளி கேட்பார், அது அவளுக்குத் தெரியும். எனக்கும் அந்த மணிச் சத்தம் வெறுத்துப்போயிருந்தது. “ஒண்ணும் ஆகாது, எடுத்துடு” என்றேன். அவள் மணியையும் எடுத்தாள், முத்திரை பார்ப்பதையும் எடுத்தாள். தெரியாதது எல்லாம் போய் விழுகிற அந்தப் பெட்டிக்கு ‘மற்றவை’ என்று பெயர் வைத்தாள். முதல் சில மாதம் தினமும் திறந்து பார்த்தாள். பிறகு வேறு வேலைகள் தலைக்குமேல் வந்தன. யாரும் பார்க்கவில்லை.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டாம் நிலையத்திலிருந்து கோடு வரவில்லை. மலைமேல் இருக்கும் முக்கியமான நிலையம் அது. மற்ற நான்கும் சந்தைக்கு ரொம்பப் பக்கத்தில். அவை சொல்லும்போது ஓடுவதற்குத்தான் நேரம் இருக்கும். அங்கே காவல் இருப்பவர் பாஸ்ஸு மாமா. அறுபது வயது, எழுதப் படிக்கச் சுமாராகத் தெரியும், ஃபோனை எங்களைவிட நன்றாக நோண்டுவார். யம்னா அன்று மகளைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போயிருந்தாள். நான் ரொட்டியும் பருப்புமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஃபோன் அடித்தது.

“ஹம்மாதி, பழைய மெஷின்ல இடி விழுந்துருச்சுப்பா. புதுசு ஒண்ணு குடுத்தாங்க. அதுலேர்ந்து வர்ற ஃபைலை உங்க புரோகிராம் வாங்க மாட்டேங்குது. கடைசி மூணெழுத்து வேற மாதிரி இருக்கு.”

“அந்த மூணெழுத்தை நம்ம எழுத்தா மாத்திடுங்க மாமா. வாங்கிக்கும்.”

“மாத்தலாமா? ஒண்ணும் ஆகாதே?”

“என்ன ஆகப்போவுது? எல்லாம் தண்ணிதானே.”

வாயில் பருப்போடு சொன்னேன். அரைமணி நேரத்தில் இரண்டாம் நிலையத்தின் கோடு திரையில் திரும்ப வந்தது. இருபது சென்டிமீட்டர் வாக்கில், பச்சையாக, அழகாக. மாமா கருவியிலேயே அந்தப் பெயரை மாற்றிவைத்துவிட்டார் போலிருக்கிறது, பத்து நிமிடத்துக்கு ஒன்று தவறாமல் வந்தது. நான் தட்டைக் கழுவிவைத்தேன். யம்னாவிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை, சொல்ல வேண்டிய விஷயமாகவே அது தோன்றவில்லை.

ஒன்பதாம் நாள் வியாழக்கிழமை. காலை எட்டே முக்காலுக்கு யம்னா வந்து, தோள்பையைக்கூடக் கழற்றாமல், வழக்கம்போல முதலில் ஆற்றைப் பார்த்தாள். பார்த்தவள் நின்றபடியே இருந்தாள்.

“ஹம்மாதி, இங்க வா.”

“என்ன, ஆறு திருட்டுப் போயிடுச்சா?”

“விளையாடாதே. இந்தக் கோட்டைப் பாரு. இரண்டாம் நம்பர். ஒரு வாரமா தினம் மத்தியானம் ஏறுது, விடியக்காலம் இறங்குது. தினமும். ஒரே மாதிரி. ஆத்துத் தண்ணி எங்கயாவது மணி பாத்து ஏறி இறங்குமா?”

பார்த்தேன். ஆமாம். பகல் இரண்டு மணிக்கு இருபத்திரண்டு, விடிகாலையில் பதினேழு. ஒன்பது நாளும் அப்படியே. இன்று காலை மட்டும், ஏழேமுக்காலிலிருந்து, சரேலென்று கீழே போயிருந்தது. பதினாறு. பதிமூன்று. பதினொன்று.

“குறைஞ்சுதான போயிருக்கு? நல்லதுதானே” என்றேன். என் குரல் எனக்கே சரியாக இல்லை.

அவள் உட்கார்ந்து அந்தக் கோப்பைப் புரோகிராம் வழியாக இல்லாமல் நேரடியாகத் திறந்தாள். முதல் நான்கு எழுத்தைப் பார்த்ததும் அவள் கை மேசையின் விளிம்பைப் பிடித்தது.

“இது நம்ம ஃபைலே இல்ல. முத்திரை வேற. பேரு மட்டும் நம்ம பேரு. யாரு மாத்தினது?”

இந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ‘புது மெஷின், நான்தான் மாத்தச் சொன்னேன்’ என்று ஒரே வரி. “தெரியலையே” என்றேன். மணி எட்டு ஐம்பத்தைந்து.

அவள் பாஸ்ஸு மாமாவுக்கு ஃபோன் செய்தாள். போகவில்லை. மறுபடி செய்தாள். மலைமேல் டவர் செத்திருந்தது. கோப்புக்குள் ஒவ்வொரு வரியிலும் மூன்று எண்கள் இருந்தன. கடைசி வரியில் பதினொன்று, இருநூற்றுப் பன்னிரண்டு, எண்பத்தேழு. எங்கள் பழைய கருவியில் முதல் எண் உயரம். இதில் எது எது என்று எங்கே எழுதியிருக்கிறது? எங்கேயும் இல்லை.

“முதல் நம்பர் பகல்ல ஏறுது, ராத்திரி இறங்குது” என்று அவள் முணுமுணுத்தாள். “இது உயரமில்ல. சூடு. தண்ணியோட சூடு. நாம ஒன்பது நாளா தண்ணி எவ்வளவு வெதுவெதுப்பா இருக்குன்னு பாத்துட்டு இருந்திருக்கோம்.”

“அப்போ இன்னிக்குக் குறைஞ்சது?”

“ஆலங்கட்டி மழை. பனித்தண்ணி இறங்குது ஹம்மாதி. தண்ணி ஏற ஏற நம்ம கோடு இறங்குது.”

ஆனால் அவளுக்கு அதுவும் போதவில்லை. இரண்டாவது எண்தான் உயரம் என்று எப்படிச் சொல்வது? கருவி பழுதாகி உளறினால்? இது என்ன கருவி, எங்கிருந்து வந்தது என்றே அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவள் பழைய கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து முத்திரையை ஒப்பிட்டாள். கருவி செய்த கம்பெனியைத் தேடினாள். கிடைக்கவில்லை. இப்படியே பத்து நிமிடம் போயிற்று. அந்தப் பத்து நிமிடம் என்னுடையது.

ஒன்பது ஐந்துக்கு அவள் சட்டென்று ‘மற்றவை’ பெட்டியைத் திறந்தாள்.

அதில் நானூற்றுச் சொச்சம் கோப்புகள் இருந்தன. தேதிப்படி அடுக்கினாள். கடைசி ஒன்பது நாளில், நாளுக்கு ஒன்றாக, ஒன்பது படங்கள். எல்லாம் இரண்டாம் நிலையத்திலிருந்து. ஆற்றங்கரையில் உயர அளவு பெயின்ட் அடித்த பலகை ஒன்று நட்டிருக்கும். பாஸ்ஸு மாமா தினமும் காலையில் இறங்கிப்போய், தண்ணீர் அந்தப் பலகையில் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். புது மெஷினை அவர் நம்பவில்லை. யாரும் அவரிடம் கேட்கவும் இல்லை, யாரும் பதில் சொல்லவும் இல்லை.

எட்டு படங்களில் பலகையின் அடியில் ஒரு சாண் தண்ணீர் இருந்தது. ஒன்பதாவது இன்று காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு எடுத்தது. அதில் பலகையே இல்லை. செம்மண் நிறத் தண்ணீர், அதில் வேரோடு ஒரு மரம். ஓரத்தில் மாமாவின் ஜெல்லாபா அங்கியின் நுனி நனைந்து தெரிந்தது.

அந்தப் படத்தோடு ஒரு குரல் செய்தியும் இருந்தது. யம்னா காதில் ஒயரை மாட்டிக் கேட்டாள். இருபது விநாடி இருக்கும். கேட்டு முடித்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பார்வை ஒரு மாதிரி இருந்தது. ஒயரைக் கழற்றி வைத்தாள்.

“என்ன சொல்றாரு?”

“வெள்ளம்னு சொல்றாரு” என்று சொல்லிவிட்டு ஃபோனை எடுத்தாள். “எட்டு மணிக்கே தாண்டியிருக்கு. அங்கேர்ந்து சந்தைக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். முப்பத்தஞ்சு நிமிஷம் இருக்கு.”

வட்டார அலுவலகத்தில் முனீம் என்று ஒரு குமாஸ்தா. ஸ்பீக்கரில் பேசினாள்.

“ஸி முனீம், சந்தையைக் காலி பண்ணச் சொல்லுங்க. இப்பவே.”

“எதுக்கு லல்லா யம்னா? உங்க திரை என் கண்ணு முன்னாலதான் இருக்கு. பச்சை. பதினொண்ணு. நேத்தைவிடக் கம்மி.”

“திரை தப்பு.”

“உங்க திரைதானே?”

“என் திரைதான். தப்பு.”

“மார்ச் மாசம் இதே மாதிரி ஒரு பசுமாட்டுப் படத்துக்குச் சந்தையைக் கலைச்சேன். என் தலையில தக்காளியாக் கொட்டினாங்க. நீங்கதான சொன்னீங்க, இனிமே சிவப்பு வந்தா மட்டும் பாருங்கன்னு? சிவப்பு வரட்டும். வானம் கண்ணாடி மாதிரி இருக்கு இங்க.”

வைத்துவிட்டான். சத்தம் கேட்டு ஸி ஜவாத் வந்து நின்றிருந்தார். விஷயத்தைச் சொன்னாள். அவர் முகம் வெளுத்தது, ஆனாலும் முதலாளி முதலாளிதான்.

“மாகாணத்துக்கு ஃபோன் போடுறேன். அவங்க அனுமதி இல்லாம நாம ஒண்ணும் செய்யக் கூடாது. நீ முதல்ல உன் தம்பியை மேல ஏறச் சொல்லு. மத்ததை முறைப்படி பாக்கலாம்.”

“என் தம்பியை மட்டுமா?”

அவர் அங்கேயே நின்று தன் ஃபோனில் மாகாணத்து எண்ணைத் தேடினார். அவள் தம்பிக்கு ஃபோன் செய்தாள். பின்னால் சந்தை இரைச்சல், எண்ணெய் கொதிக்கும் சத்தம்.

“மோஹா, அடுப்பை விட்டுட்டு மேல ஏறு. பக்கத்துக் கடையெல்லாம் கூட்டிட்டு ஏறு. தண்ணி வருது.”

“எங்கக்கா வருது? எனக்கு முன்னால இருபது பேர் வரிசையில நிக்கிறான். ஒரு மேகம்கூட இல்ல.”

“நான் சொல்றேன்டா. நம்பு.”

“போன வருஷம் பால் திரிஞ்சதுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்ன ஆளுதான நீ?” அவன் சிரித்தான். பிறகு யாரிடமோ கத்துவது கேட்டது: “ஏய், எங்க அக்கா வெள்ளம் வருதுன்னு சொல்றா, எல்லாரும் ஏறுங்க.” சிரிப்புச் சத்தம் வந்தது. “பாத்தியா? சிரிக்கிறாங்க. நீ வேணா இவங்ககிட்டப் பேசு.”

யம்னா ஃபோனை என் கையில் கொடுத்துவிட்டு விசைப்பலகையின் பக்கம் திரும்பினாள். “திரை சொன்னாத்தான் நம்புவாங்க” என்றாள். “அப்போ திரை சொல்லட்டும்.”

அவள் செய்ததை எங்கள் தொழிலில் செய்யக் கூடாது. கருவி எழுத வேண்டிய கோப்பைத் தன் கையால் எழுதினாள். எங்கள் முத்திரையை முதலில் போட்டாள், கடைசி மூன்றெழுத்தைச் சரியாகப் போட்டாள். நடுவில் உயரம் இருநூற்று நாற்பது. பதினோரு வருடத்தில் நான் பார்த்த ஒரே கள்ளக் கோப்பு அதுதான், உண்மையைச் சொன்னதும் அதுதான். ஸி ஜவாத் “யம்னா, அது குற்றம்” என்றார். அவள் “ஆமா” என்று சொல்லி அனுப்பினாள். அதற்குமுன் இரண்டு தடவை தப்பாக அடித்து அழித்திருந்தாள்.

ஒன்பது இருபத்து மூன்றுக்குத் திரை சிவப்பானது. அடுத்த நிமிடமே முனீம் கூப்பிட்டான். “வந்துருச்சு, சிவப்பு வந்துருச்சு” என்று மட்டும் சொன்னான். என் கையிலிருந்த ஃபோனில் மோஹாவின் பக்கம் ஒலிபெருக்கி அலறத் தொடங்கியது. அதுவரை சிரித்தவர்கள் கத்தினார்கள். கழுதைகள், இரும்புக் கம்பிகள் விழும் சத்தம், யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம். மோஹாவின் மூச்சு மட்டும் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. “ஏறிட்டு இருக்கேன்கா” என்றான், நான் அவன் அக்கா இல்லை என்று தெரியாமல். நான் “ஏறு, ஏறு” என்றேன். பிறகு அந்த ஃபோனும் செத்தது.

அடுத்த ஒரு மணி நேரத்தை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சந்தைக்குப் பக்கத்துக் கருவிகள் ஒவ்வொன்றாகச் சிவப்பாயின. ஐந்தாவது கருவி ஒன்பது நாற்பத்தெட்டுக்கு முந்நூற்றுப் பத்து என்று எழுதி, அதோடு நின்றுபோயிற்று. யம்னா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரோ புதினாத் தேநீர் கொண்டுவந்து வைத்தார்கள். அவள் அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. மோஹா செத்தால் அவனைக் கொன்றது நான், யம்னாவுக்கு அது தெரியாது, தெரியாமலே எனக்கு எதிரில் இன்னும் எத்தனை வருடம் உட்காருவாள் என்று நினைத்தேன். அப்படி ஒரு நினைப்பு ஒரு மனிதனுக்கு வரக் கூடாது.

பத்தேமுக்காலுக்கு வேறு யாருடைய ஃபோனிலிருந்தோ மோஹா கூப்பிட்டான். கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியை உதைத்துத் தள்ளிவிட்டு ஓடியதில் கால் வெந்திருந்தது. மற்றபடி உயிரோடு இருந்தான். சந்தையில் எண்ணூறு பேருக்குமேல் இருந்தார்கள். எல்லோரும் கரையேறிவிட்டார்கள், ஒருவரைத் தவிர. பழந்துணி விற்கிற லஹ்பீப் என்பவர். ஏறியவர்தான், மூட்டையை எடுக்கத் திரும்பி இறங்கினார். பத்து நிமிடம் முன்னால் ஒலிபெருக்கி போட்டிருந்தால் மூட்டையோடு ஏறியிருப்பார் என்று முனீம் பிறகு சொன்னான். அவனுக்கு என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. சும்மா சொன்னான்.

பாஸ்ஸு மாமா மறுநாள் டவர் வந்ததும் பேசினார். ஒரு பாறைமேல் ஏறித் தப்பித்திருக்கிறார். அவருக்கு ஒரே ஒரு கேள்வி.

“படமெல்லாம் நல்லா விழுந்துச்சா லல்லா யம்னா? பதிலே வரலையே, ஒருவேளை தெளிவா இல்லையோன்னு இன்னும் கொஞ்சம் கிட்டப் போய் எடுத்தேன்.”

“தெளிவா இருந்துச்சு மாமா” என்றாள் யம்னா. “நான்தான் பாக்கல.”

விசாரணை வந்தது. கள்ளக் கோப்புக்காக யம்னாவுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அதே வாரம் மாகாண அதிகாரி வந்து கைகுலுக்கிவிட்டும் போனார். இரண்டாம் நிலையக் கருவியில் பெயரை மாற்றியது யார் என்று கேட்டார்கள். “காவல்காரருக்குச் சரியா விளக்கம் குடுக்காதது எங்க தப்பு” என்று யம்னா சொன்னாள். ஸி ஜவாத் தலையாட்டினார். நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

இருபது நாள் தாங்கினேன். ஒரு வெள்ளிக்கிழமை, மற்றவர்கள் எல்லாம் தொழுகைக்கும் வீட்டுச் சாப்பாட்டுக்கும் போய்விட்ட பிறகு, அவள் மேசைக்கு எதிரில் போய் நின்றேன்.

“யம்னா, மூணெழுத்தை மாத்தச் சொன்னது நான். நீ கேட்டப்பவும் தெரியலைன்னு பொய் சொன்னேன்.”

அவள் நிமிரவில்லை. காதில் மாட்டும் ஒயரை எடுத்து என் கையில் கொடுத்தாள். ‘மற்றவை’ பெட்டியில் அந்தக் குரல் செய்தியை அழுத்தினாள். முதலில் தண்ணீர் இரைகிற சத்தம். அதற்குமேல் மாமா கத்திக் கத்திப் பேசினார்.

“லல்லா யம்னா, பலகை முழுகிருச்சு. புது மெஷின் என்ன காட்டுதோ தெரியல. ஹம்மாதி மாத்தச் சொன்னபடி பேரை மாத்தித்தான் அனுப்புறேன். பையன் ஒண்ணும் ஆகாதுன்னான். இருந்தாலும் நீங்க ஒரு தடவை பாத்துடுங்க.”

அன்று காலை ஒன்பது ஐந்திலிருந்து அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் தம்பியின் ஃபோனை என் கையில் கொடுத்திருக்கிறாள்.

“ஏன் சொல்லல?” என்றேன்.

“நீ சொல்வியான்னு காத்துட்டே இருந்தேன். சொல்லாமலே இருந்துடுவியோன்னும் பயமா இருந்துச்சு.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “மணியை எடுத்தப்போ நானும்தான் ஒத்துக்கிட்டேன். லஹ்பீப் வீடு எங்க ஊர்ல மூணாவது தெரு. வர்ற வியாழன் நான் போறேன். நீயும் வா. அவர் பொண்டாட்டிகிட்ட நீயே சொல்லு.”

மணியைத் திரும்பப் போட்டிருக்கிறோம். பசு வந்தாலும் அடிக்கிறது, பாட்டு வந்தாலும் அடிக்கிறது. யம்னா ஒவ்வொன்றையும் திறந்து பார்க்கிறாள். பாஸ்ஸு மாமா இன்னும் தினமும் காலையில் பலகையைப் படம் எடுத்து அனுப்புகிறார், அவள் ‘பார்த்தேன்’ என்று பதில் போடுகிறாள்.

அந்த வியாழக்கிழமை நான் அவளோடு போனேன். மூன்றாவது தெரு, பச்சைக் கதவு. லஹ்பீபின் மனைவி கதவைத் திறந்து, யாரென்று தெரியாத என்னைப் பார்த்து, “உள்ள வாங்க” என்றாள்.